டெலீட் என்று எழுதினேன், கெட் என்று போனது

ஆண்டு மலர் என்றால் நட்பு, தாய்ப்பாசம், வேலையில்லாத் திண்டாட்டம் இவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்தது போல எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது ஒரு ஃபார்மைப் பற்றி. ஆம் நண்பர்களே, வெப் பக்கத்தில் பெயர், எண் எல்லாம் நிரப்பிவிட்டு அடியில் ஒரு பட்டனை அமுக்குகிறோமே, அதே ஃபார்ம்தான். இதில் தாய்ப்பாசமும் கொஞ்சம் வந்துவிடும். அதற்கு நான் பொறுப்பல்ல.

என் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். அம்மா மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கணக்கு மட்டும் மனதிலேயே போடுவாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கணினிப் பொறியியல் டிப்ளமோ சேர்ந்த அன்று, "புள்ள கம்ப்யூட்டருக்குப் படிக்குது" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முதல் ஆண்டு முழுக்க நாங்கள் படித்தது கணிதமும் இயற்பியலும் என்பதை நான் கடைசி வரை வீட்டில் சொல்லவில்லை.

அம்மா எங்கள் தெருவில் தீபாவளிப் பலகாரச் சீட்டு பிடிக்கிறாள். 26 வீடு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டுக்கு 50 ரூபாய். வசூலான 1,300 ரூபாயை மறுநாள் திங்கட்கிழமை மளிகைக் கடையில் முன்பணமாகக் கட்டிவிடுவாள். 48 வாரம் போனால் ஒரு வீட்டுக்கு 2,400 ரூபாய். தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணெய், மாவு, சர்க்கரை, வெல்லம், பட்டாசு என்று மூட்டையாகக் கட்டி வீடு வீடாகக் கொடுப்பாள். இதற்கு ரசீது கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டும் அம்மாவின் வாயும்தான் பத்திரம்.

அந்த நோட்டை மூடச் சொன்னது நான்.

மூன்றாம் ஆண்டு தொடங்கியிருந்த நேரம். வெப் புரோகிராமிங் பாடத்தில் பி.எச்.பி. நடந்து கொண்டிருந்தது. கற்ற வித்தையைக் காட்ட வேண்டாமா? 2025 ஆடி மாதம் முதல் ஞாயிறுக்குள் அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இலவசமாகக் கிடைத்த ஒரு சர்வர் இடத்தில் ஏற்றி, அம்மாவின் போனில் திறந்தும் வைத்தேன். 26 பேர், 26 பட்டன். பணம் கொடுத்தவர் பெயரை அமுக்கினால் கீழே ஒரு வரி சேரும்: வரிசை எண், பெயர், தேதி, 50. தவறாக அமுக்கிவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பட்டன். டேட்டாபேஸ் எல்லாம் இல்லை, எல்லாம் ஒரு சாதாரண ஃபைலில் வரி வரியாக. நடுவில் ஒரு வரியை நீக்கினால் கீழே இருப்பவை ஒவ்வொன்றாக மேலே ஏறி, எண்கள் திரும்பவும் ஒழுங்காக வரும்படி செய்திருந்தேன். அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபார்மின் கதைக்கு வருகிறேன். உலாவி சர்வரிடம் எதைக் கேட்டாலும் முதல் வார்த்தையாக ஒரு வினைச்சொல்லைச் சொல்லித்தான் கேட்கும். அதற்கு மெத்தட் என்று பெயர். கெட் என்றால் 'கொடு, பார்க்கிறேன்'. போஸ்ட் என்றால் 'இதை வாங்கிக்கொள், ஆக வேண்டியதைச் செய்'. புட் என்றால் 'இந்த இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு இதை வை'. டெலீட் என்றால், சொல்லவே வேண்டாம். பாடத்தில் இவை எல்லாம் ஒரே அட்டவணையில் இருந்தன. பரீட்சைக்கு மனப்பாடமும் செய்திருந்தேன். அதனால் நீக்கு பட்டனுக்கு ஃபார்ம் எழுதும்போது, நீக்குவதுதானே வேலை என்று மெத்தட் என்ற இடத்தில் 'டெலீட்' என்று எழுதினேன். எவ்வளவு பொருத்தம்!

வேலை செய்யவில்லை. டெலீட் என்று வந்தால் வரியை எடு என்று சர்வர் பக்கம் எழுதியிருந்தேன். பட்டனை அமுக்கினால் பக்கம் ஒரு முறை மினுக்கிவிட்டு அப்படியே நின்றது. ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. பி.எச்.பி.யில் கெட்டில் வருவதை எடுக்க ஒரு பெட்டி, போஸ்ட்டில் வருவதை எடுக்க ஒரு பெட்டி உண்டு; டெலீட்டுக்குப் பெட்டியே இல்லை. அதற்குப் பதிலாக 'ரெக்வெஸ்ட்' என்று ஒரு பொதுப் பெட்டி இருக்கிறது, கெட்டில் வந்தாலும் போஸ்ட்டில் வந்தாலும் அதற்குள் விழும். மெத்தட் என்ன என்று பார்க்கும் வரியைத் தூக்கிவிட்டு, பொதுப் பெட்டியில் 'நீக்கு' என்று ஓர் எண் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடு என்று மாற்றினேன். உடனே வேலை செய்தது! ஏன் முதலில் ஓடவில்லை, ஏன் இப்போது ஓடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஓடுகிறதே, போதாதா? நம்மில் பாதிப் பேர் லேபில் இப்படித்தான் பாஸ் ஆகிறோம். என் மேல் கோபப்படாதீர்கள்.

முதல் ஞாயிறு வசூல் நடந்தது. தையல்கார அக்கா பெயரை அம்மா இரண்டு முறை அமுக்கிவிட்டாள், 11-ஆம் வரியும் 12-ஆம் வரியும் அதுவே. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பன்னெண்டாவதுல நீக்கு அமுக்கும்மா" என்றேன். அமுக்கினாள். போயிற்று. மொத்தம் 26 வரி, கச்சிதம். நோட்டை எடுத்துப் பரணில் போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. அதற்கு முந்தின இரவுதான் 'மொத்தம்' காட்டும் வரியை எழுதிச் சேர்த்திருந்தேன். வசூல் முடிந்து பார்த்தால் 3,450 என்று காட்டியது. மூன்று வாரம், 26 வீடு, 50 ரூபாய். அம்மா வாயைத் திறக்காமலே கணக்குப் போட்டு, "மூவாயிரத்துத் தொள்ளாயிரம்ல வரணும்" என்றாள். 450 குறைகிறது. பெயர் பெயராகப் பார்த்தோம். ஒன்பது பேருக்கு முதல் வாரக் கணக்கே இல்லை.

"கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுமா பாப்பா?"

"சொல்லாதும்மா."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முனை வீட்டுப் பாட்டியிடம் போனாள். நானும் பின்னால் போனேன். பாட்டி கலந்த சாதம் கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மா மெதுவாகத்தான் கேட்டாள், "மொத வாரம் நீங்க குடுக்கலயோன்னு..." பாட்டி கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏம்மா, நாலு வீட்டுப் பாத்திரம் தேச்சிக் குடுத்த காசும்மா அது. குடுக்கலேன்னு உன் வாயால சொல்லாத. ஏழு வருசமா ஒங்கிட்டதான் போடறேன்."

மற்ற எட்டு வீட்டுக்கும் அம்மா போகவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மளிகைக் கடைத் துண்டுச் சீட்டுகளை எடுத்து வந்தாள். முதல் வாரத்துச் சீட்டில் கடைக்காரர் கிறுக்கலில் 1,300 என்று இருந்தது. ஆயிரத்து முந்நூறு என்றால் 26 வீடு. எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாட்டி வீட்டுக்குப் போனாள். இந்த முறை நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லை.

மறுநாள் லேபில் எங்கள் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் புரோகிராமைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல லாக்கைப் பாரும்மா. சர்வர் என்ன கேட்டுச்சுன்னு அது எழுதி வச்சிருக்கும்" என்றார். சர்வர் இடத்தின் கண்ட்ரோல் பேனலில் தேடி அதை இறக்கினேன். முதல் வாரத்தில், 'நீக்கு=12' என்று முடியும் வரிகள் பத்து இருந்தன. நாங்கள் அமுக்கியது ஒரே தடவை. அதைவிட ஆச்சரியம், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் டெலீட் என்று இல்லை. கெட் என்று இருந்தது.

சார் சிரித்துக்கொண்டே சொன்ன விளக்கத்தை, பிறகு நானே ஒரு வாரம் உட்கார்ந்து படித்ததோடு சேர்த்துச் சொல்கிறேன். எச்.டி.எம்.எல். ஃபார்முக்குத் தெரிந்த மெத்தட்கள் மூன்றே மூன்று: கெட், போஸ்ட், டயலாக். அதிலும் டயலாக் என்பது சர்வருக்குப் போவதே இல்லை. பக்கத்துக்குள் திறந்த ஒரு சின்னப் பெட்டியை மூடும், அவ்வளவுதான். ஆக, உண்மையில் இரண்டு. வேறு எதை எழுதினாலும், டெலீட் என்றாலும் புட் என்றாலும் உங்கள் பெயரையே எழுதினாலும், உலாவி அதைக் கெட் என்று எடுத்துக்கொள்ளும். பிழை என்று சொல்லாது. இது உலாவியின் கோளாறும் இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. தெரியாத வார்த்தை வந்தால் பக்கத்தை உடைக்காமல் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்பது எச்.டி.எம்.எல்.லின் பழைய குணம். நல்ல குணம்தான். 'நீக்கு' என்று சொன்னவனிடம் 'பார்க்கிறேன் என்றுதானே சொன்னாய்' என்று தலையாட்டுவது மட்டும்தான் உதைக்கிறது.

கெட்டாகப் போனதால் என்ன ஆயிற்று? 'நீக்கு=12' என்பது பக்கத்தின் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா போனை வைத்துவிட்டு வேறு எதையாவது பார்ப்பாள். போனில் இடம் போதாவிட்டால் உலாவி பழைய பக்கத்தை மறந்துவிடும். திரும்பத் திறக்கும்போது அதே முகவரியை மறுபடியும் கேட்கும். கெட் அல்லவா, வெறுமனே பார்ப்பதுதானே, எத்தனை தடவை கேட்டால் என்ன என்று அது நினைக்கிறது. போஸ்ட்டாக இருந்திருந்தால் 'மறுபடி அனுப்பட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கும். கெட்டுக்குக் கேட்காது. ஒவ்வொரு முறையும் 12-ஆம் வரி போகும். கீழே இருப்பவர் ஒரு படி ஏறி 12-க்கு வருவார். அடுத்த முறை அவர் போவார். நான் சாமர்த்தியம் என்று நினைத்து வைத்த வரிசை எண்தான் தெருக்காரர்களை ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்தி வெளியே அனுப்பியிருக்கிறது. இரண்டாவது ஞாயிறு அம்மா புது வரிகளைச் சேர்த்தபோது முகவரி மாறிப்போனதால், ஒன்பதோடு நின்றது.

லாக்கில் இருந்த நேரங்களை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். திங்கள் காலை ஏழேகால். "பால் வாங்கறப்ப" என்றாள். செவ்வாய் சாயங்காலம். "குழாயடியில." வியாழன் மதியம். "ஒங்க பெரியம்மா வந்திருந்தாங்கல்ல?" ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. என் மகள் செய்தது என்று ஒவ்வொருவரிடமும் போனைத் திறந்து காட்டியிருக்கிறாள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

நிபுணர்கள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று, 'பாதுகாப்பான' மெத்தட். கெட் அப்படிப்பட்டது. ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகையைப் பார்ப்பது போல, ஆயிரம் பேர் பார்த்தாலும் உள்ளே ஒரு கிலோ அரிசி குறையக் கூடாது. இரண்டாவது, ஒரு தடவை செய்தாலும் பத்துத் தடவை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது. டெலீட்டும் புட்டும் இந்த வகை. 'கிணற்றடி வேப்பமரத்தை வெட்டு' என்று பத்துத் தடவை சொன்னாலும் வெட்டுப்படுவது ஒரே மரம். 'வரிசையில் 12-ஆவது மரத்தை வெட்டு' என்று பத்துத் தடவை சொன்னால் தோப்பு காலி. உலாவி டெலீட் என்றே அனுப்பியிருந்தாலும் என் புரோகிராம் தப்புத்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஒருத்திதான் முட்டாள் என்று நினைத்தேன். இல்லை. 2005 மே மாதம் கூகுள் நிறுவனம் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. நீங்கள் அமுக்குவதற்கு முன்பே பக்கத்தில் உள்ள இணைப்புகளையெல்லாம் அது கெட் செய்து தயாராக வைத்துக்கொள்ளும். வேகத்துக்காகத்தான். ஆனால் பல வெப் தளங்களில் 'நீக்கு' என்பதே ஓர் இணைப்பாக இருந்தது! ஆக்சிலரேட்டர் அதையும் தொட்டது. யாரும் அமுக்காமலே ஆட்களின் தகவல்கள் அழிந்தன. பேக்பேக் என்ற சேவையில் இப்படி நடந்தது அப்போது பெரிய பேச்சானது. பெரிய பெரிய ஆட்களே கெட்டை வைத்து அழித்திருக்கிறார்கள் என்று படித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சரி, டெலீட் என்ற மெத்தட் இருக்கும்போது ஃபார்முக்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை? எனக்கு இந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. 1991-இல் வெப்பின் முதல் மொழியில் கெட் ஒன்றுதான் இருந்தது. 1995 நவம்பரில் எச்.டி.எம்.எல். 2.0 எழுதப்பட்டபோது ஃபார்முக்குக் கெட்டும் போஸ்ட்டும் கிடைத்தன. 1997 ஜனவரியில் எச்.டி.டி.பி. 1.1 வந்தபோது புட், டெலீட் இரண்டும் அதன் விதிகளில் இடம் பிடித்தன. ஆனால் ஃபார்ம் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு எச்.டி.எம்.எல். 5-இன் வரைவில் ஒரு காலம் புட்டும் டெலீட்டும் இருந்தன; ஃபயர்பாக்ஸ் 4-இன் சோதனைப் பதிப்பில் எட்டியும் பார்த்தன. அப்புறம் எடுத்துவிட்டார்கள். அந்த விதிகளைத் தொகுத்த இயன் ஹிக்சன் வைத்த வாதம் இது: புட் என்பது ஒரு பொருளை முழுசாக வைப்பது, ஃபார்மில் நிரப்பிய பெயரும் எண்ணும் அந்தப் பொருள் ஆகாது, டெலீட்டோடு அனுப்ப ஒன்றும் இல்லை, அப்புறம் நிரப்புவதற்கு ஃபார்ம் எதற்கு? வாதம் சரிதான். ஆனால் 'நீக்கு' என்று ஒரு பட்டன் மட்டும் வைக்க ஆசைப்படுகிற என்னைப் போன்றவளுக்கு அதில் பதில் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. சின்ன ஆளின் கருத்துத்தான், இருக்கட்டும்.

ஃபார்மை விட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் போனால் டெலீட் என்றே அனுப்பலாம். 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அதற்கு வழி திறந்தது. இப்போது ஃபெட்ச் என்ற எளிய வழி இருக்கிறது. வேறு தளத்திலிருந்து யாராவது அப்படி டெலீட் அனுப்பப் பார்த்தால், உலாவி முதலில் ஆப்ஷன்ஸ் என்ற மெத்தட்டில் சர்வரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். ரெயில்ஸ், லாராவெல் போன்றவை வேறு தந்திரம் செய்கின்றன: ஃபார்ம் போஸ்ட்டாகவே போகும், உள்ளே மறைவாக ஒரு கட்டத்தில் 'உண்மையில் இது டெலீட்' என்று எழுதியிருக்கும். கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் கடன் கேட்டு எழுதுவது மாதிரி. சிரிப்பு வந்தாலும் உலகம் முழுக்க அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஃபெட்ச் போட்டு எழுதி முடித்து, ஒவ்வொரு வரிக்கும் மாறாத எண் ஒன்றும் கொடுத்து, பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். அம்மா பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கி வந்து என் முன்னால் விரித்தாள்.

"இதுல எங்கயாச்சும் அழிச்சிருக்கனா பாரு."

பார்த்தேன். தப்பாக எழுதிய இடங்களில் நடுவில் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது நன்றாகப் படிக்க முடிகிறது. பக்கத்தில் சரியானது. ரப்பர் போட்ட இடம் ஒன்று கூட இல்லை.

"அடிக்கலாம், அழிக்கக் கூடாது பாப்பா. அழிச்சா, என்னத்த அழிச்சேன்னு நாளைக்கு எனக்கே தெரியாது."

ஃபெட்ச்சைத் தூக்கிப் போட்டேன். இப்போது என் பக்கத்தில் 'நீக்கு' இல்லை, 'அடி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் வரி போகாது. மேலே ஒரு கோடு விழும், யார் எப்போது அடித்தார் என்று தேதி விழும், மொத்தத்திலிருந்து 50 கழியும். புதுத் தகவல் சேர்வதுதானே, அதற்குப் போஸ்ட்டே போதும். போஸ்ட் முடிந்ததும் சர்வர் 303 என்ற பதிலைச் சொல்லி வெறும் பட்டியலின் முகவரிக்கு அனுப்பிவிடுகிறது, எத்தனை தடவை திறந்தாலும் அது பட்டியலைக் காட்டுவதோடு சரி. கடைசியில் பார்த்தால் எனக்கு டெலீட்டே தேவைப்படவில்லை.

போன ஒன்பது வரிகளையும் நானே திரும்ப எழுதினேன். முனை வீட்டுப் பாட்டிக்கு முதலில்.

2025 அக்டோபர் 20 தீபாவளி. முந்தின வாரம் மூட்டை கொடுக்க அம்மாவோடு நானும் போனேன். பாட்டி மாவு, எண்ணெய், பட்டாசு எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "அந்தப் பொட்டில எம்பேரு இருக்கா, காட்டு" என்றாள். அம்மா போனை எடுத்தாள். முதலில் அடியில் போய் மொத்தத்தைப் பார்த்தாள். பிறகு பாட்டிக்குக் காட்டினாள். காட்டி முடித்ததும், பக்கத்தை ஒரு தடவை மூடித் திறந்து, மொத்தத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனை இடுப்பில் செருகினாள்.

நோட்டும் இப்போது பரணில் இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஞாயிறு தோறும் அதிலும் எழுதுகிறாள்.